பறக்காத நாளுக்கும் சம்பளம்

அந்த ஹெலிகொப்டர் முதல் தடவை எங்கள் வாடிக்குப் பக்கத்தில் இறங்கிய அன்று, நான் காயப்போட்டிருந்த நெத்தலி முழுவதும் மண்ணாகப் போனது. முழுவதும் என்றால் முழுவதும்தான். விடியற்காலையில் உப்புத் தண்ணீரில் கழுவி, பழைய வலைகளை விரித்து, பிடி பிடியாகப் பரப்பிய மீன். பாதி பறந்துபோய் வேலியில் தொங்கியது. மீதியில் ஒன்றை எடுத்து வாயில் போட்டால் பல்லில் மண் நறநறத்தது. அதை எந்த முட்டாள் வாங்குவான்?

எத்தாளைக் கரையில்தான் எங்கள் வாடி, மீன் காயவைக்கிற கொட்டில். என் கணவருக்கு இரண்டு பைபர் போட்டு, என்ஜின் பூட்டிய படகுகள். அவை கொண்டுவரும் மீனில் விற்றது போக மிஞ்சியதை நானும் மூன்று பெண்களும் கருவாடாக்குவோம். சண்டை முடிந்து கடல் திறந்த பிறகு இந்தக் கரைக்கு ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். டொல்பின் பார்க்கவும், பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்கவும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். எங்கள் வாடிக்கு அடுத்த காணியை ஒரு ஹோட்டல் வாங்கியது. வாங்கிய கையோடு தென்னைகளை வெட்டி வெறுந்தரையாக்கினார்கள். நீச்சல் குளம் கட்டப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். பக்கத்தில் இவ்வளவு பெரிய கடல் இருக்க, அதைப் பார்த்துக்கொண்டே குளத்தில் குளிக்கிற ஆட்கள் அவர்கள். கடைசியில் அது ஹெலிகொப்டர் இறங்குகிற இடமாம். கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்தால் அரை நாள் போய்விடும். காசு உள்ளவர்களுக்கு அரை நாள் பெரிய விஷயம்.

அந்தச் சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. நாங்கள் மன்னார் ஆட்கள். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது நான் சிறுபிள்ளை. உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தோம். அதற்கு முன் ஊரில் ‘ஹெலி வருது’ என்று யாராவது கத்தினால் உம்மா எங்களை இழுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடுவார். அன்று எத்தாளையிலும் என் கால் தானாக ஓடியது. பனையடியில் போய் நின்ற பிறகுதான் என்னோடு வேலை செய்த மூன்று பெண்களும் அங்கேயே நிற்பதைக் கண்டேன். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு நான் நெத்தலியைப் பார்த்தேன். பயம் போய்விட்டது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நேரே போனேன்.

வெள்ளைச் சட்டை போட்ட நரைத்த மனிதர் ஒருவர் ஹெலிகொப்டருக்குப் பக்கத்தில் நின்றார். தோளில் பொன்னிறக் கோடுகள். வந்த விருந்தாளிகள் ஹோட்டலுக்குள் போய்விட்டார்கள். நான் சிங்களத்தில் தொடங்கினேன். என் சிங்களம் புத்தளம் சந்தையில் படித்த சிங்களம். பேரம் பேசவும் ஏசவும் நன்றாக உதவும், வேறு எதற்கும் உதவாது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு என்னோடு வாடிக்கு வந்தார். குனிந்து ஒரு நெத்தலியை எடுத்து வாயில் போட்டு மென்றார். துப்பினார்.

“உண்மைதான் நங்கி. மண்தான்.”

தங்கச்சியைச் சிங்களத்தில் நங்கி என்பார்கள். சண்டைக்குப் போன இடத்தில் ஒரு மனிதன் இப்படி உடனே ஒத்துக்கொண்டால் என்ன செய்வது? விளக்குமாற்றைக் கீழே போட்டேன். இந்தப் பக்கம் வெறும் தென்னங்காணி என்றுதான் ஹோட்டலில் தனக்குச் சொன்னார்கள் என்றார். அன்றைய மீனுக்கு ஹோட்டலிடம் காசு வாங்கித் தந்தார். இனி தான் வருவதற்கு முன் வாசல் காவலாளி வந்து சொல்வார், நான் படங்கு போட்டு மூடிக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு செய்தார். அவர் முன்பு விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைக் காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் பறந்தீர்களா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். காயக்காரர்களையும் சாப்பாட்டையும் ஏற்றினேன் என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இவ்வளவு நேரமும் என் மூத்த மகள் எனக்குப் பின்னால் நின்றாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்துப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். நான் கை நீட்டிவிடுவேனோ என்று பயந்து என்னைப் பிடிக்க ஓடி வந்தவள். என் கோபம் அடங்கியதும் அவள் அந்த மனிதரிடம் இங்கிலீஷில் கதைக்கத் தொடங்கினாள். டியூசனுக்கு அவ்வளவு அனுப்பியும் அவள் இங்கிலீஷில் வாய் திறந்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. என் எதிரியோடு அவள் சிரித்துக் கதைப்பதைப் பார்க்க எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. என்னடி கேட்கிறாய் என்றேன். ஹெலி ஓட்டுவதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாளாம்.

எனக்கும் விளங்கட்டும் என்று அவர் சிங்களத்தில் பதில் சொன்னார், நானும் மண்ணைப் புடைத்துக்கொண்டே கேட்டேன். பதினெட்டு வயது ஆக வேண்டும். சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், இங்கிலீஷ் நல்லாக இருக்க வேண்டும். உயர்தரத்தில் கணிதமும் பௌதிகமும் இருந்தால் நல்லது. அதற்கென்றே இருக்கிற வைத்தியர்கள் கண், காது, இருதயம் எல்லாவற்றையும் சோதித்துச் சான்று தர வேண்டும். கண்ணாடி போட்டால் பரவாயில்லை, கண்ணாடியோடு சரியாகத் தெரிந்தால் போதும். ஆகாயத்துக்கும் சட்டம் இருக்கிறதாம், அதைப் படிக்க வேண்டும். காற்று, மழை, என்ஜின், வரைபடம் எல்லாவற்றுக்கும் பரீட்சை. பிறகு ஆசிரியரோடு பறக்க வேண்டும், தனியாகப் பறக்க வேண்டும், பறந்த மணித்தியாலங்களைச் சேர்க்க வேண்டும். முதலில் ஒரு லைசன்ஸ் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு சதம் உழைக்க முடியாது. இன்னும் கன மணித்தியாலம் பறந்து இரண்டாவது லைசன்ஸ் எடுத்தால்தான் கூலிக்கு ஆள் ஏற்றலாம். உழைக்க முடியாத லைசன்ஸ் எதற்கு என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அது பணக்காரர்களுக்கு என்றார்.

இரண்டு வழி இருக்கிறது என்றும் சொன்னார். ஒன்று விமானப்படை. செலவு அவர்களுடையது, ஆனால் வருஷக்கணக்கில் அவர்களோடு இருக்க வேண்டும், கண்ணுக்கும் கடும் சட்டம். மற்றது சொந்தக் காசில் படிப்பது. முதல் வழியை நான் அங்கேயே அடைத்துவிட்டேன். யூனிபோர்ம் போட்ட எல்லாப் பக்கத்து ஆட்களிடமிருந்தும் ஓடித் தப்பிய குடும்பம் நாங்கள். இரண்டாவது வழியில் ஒரு மணித்தியாலம் பறக்க ஆகும் காசுக்கு, பாவித்த என்ஜின் ஒன்றை வாங்கிப் போட்டில் பூட்டலாம். சேர்க்க வேண்டிய மணித்தியாலங்களைக் கணக்குப் பார்த்தால் எத்தாளைக் கரையிலுள்ள எல்லாப் போட்டுக்கும் பூட்டலாம்.

பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மகள் முடிக்கவில்லை. ஒரு கிழமை கழித்து, நானும் அவள் வாப்பாவும் வாடியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஹெலி ஓட்டப் படிக்க வேண்டும், தில்லையடிக் காணியை அதற்குத் தாருங்கள் என்றாள்.

தில்லையடிக் காணி என்றால் அவளுக்குக் கலியாணத்தில் வீடு கட்டிக் கொடுப்பதற்கென்று வைத்திருந்த காணி. எங்கள் ஆட்களில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தாக வேண்டும். வீடில்லாத பெண்ணை யார் கேட்டு வருவான்? வாங்கும்போது அது உவர் நிலம், நாய்கூடப் படுக்காது. சண்டைக்குப் பிறகு விலை எங்கேயோ ஏறிவிட்டது. என் காப்பை விற்று வாங்கியது, அதனால் என் பெயரில் இருந்தது. நான் வாய் திறக்கு முன் என் கணவர் கையைக் காட்டினார். அவர் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. வலை பொத்துகிற ஊசி கையில் இருந்தது. அந்த ஹெலிக்கு ஒரு பயணத்துக்கு என்ன வாங்குகிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

அது எனக்குத் தெரியும். ஹோட்டல் சமையலறைக்கு மீன் வாங்க வருகிறவன் எல்லாக் கதையும் சொல்வான். தொகையைச் சொன்னேன். அவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தார்.

இந்தக் கணக்கை வெளியாட்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் கரையில் யாரும் யாரிடமும் என்ன சம்பளம் என்று கேட்பதில்லை. கடலில் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற காசில் முதலில் எண்ணெய்க்கும் ஐசுக்கும் கழிப்பார்கள். மிச்சத்தில் பாதி, போட்டும் என்ஜினும் வலையும் கொடுத்த முதலாளிக்கு. மற்றப் பாதி கடலுக்குப் போனவர்களுக்கு, ஆளுக்கு ஆள் பிரிப்பார்கள். மீன் பட்டால் எல்லாருக்கும் உண்டு, படாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. உயிரைக் கொடுத்து ஏறுகிறவனுக்குப் பங்கு, மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருக்கிறவனுக்குச் சம்பளம். இதுதான் என் கணவருக்குத் தெரிந்த உலகம். எனக்குத் தெரிந்த உலகமும் அதுதான். ஹெலிகொப்டரில் ஏறுகிறவன் உயிரைக் கொடுத்துத்தானே ஏறுகிறான்? அப்படியென்றால் பங்குதான். அதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அவர் எண்ணெயைக் கழித்தார். மெஷின்காரனுக்குப் பாதியை ஒதுக்கினார். மற்றப் பாதியில் வந்து நின்றார்.

“ஹெலியில எத்தின பேர் ஆள் என்டு கேட்டுட்டு வாங்க.”

அடுத்த தடவை ஹெலிகொப்டர் வந்தபோது படங்கைப் போட்டு மூடிவிட்டுப் போய்க் கேட்டேன். மரியாதைக்கு மாத்தயா என்று கூப்பிட்டு, இதில் எத்தனை பேர் வேலை என்றேன். நான் மட்டும்தான் நங்கி என்றார். நான் திரும்பி வாடிக்கு வந்து சொன்னேன். பாதிப் பங்கு முழுவதும் ஒரே ஆளுக்கு. எங்கள் போட்டில் அதை நாலாகப் பிரிக்கிறோம். என் கணவர் அன்று பின்னேரம் வரைக்கும் ஒரு கண்ணிகூடப் பொத்தவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கதை எப்படியோ தில்லையடிக்குப் போய்விட்டது. என் நானா, அதாவது என் அண்ணன், அங்கே சாமான் கடை வைத்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இறங்கும்போதே சத்தம்.

“பொம்புளப் புள்ளய ஆகாயத்துக்கு அனுப்பப் போறியாமே.”

“நீங்க உங்கட மகன பூமியில வச்சி என்னத்தக் கண்டீங்க?” என்றேன்.

அவருடைய மகன் அந்த மாதத்தில் மூன்றாவது வேலையை விட்டிருந்தான். நானா கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்தார். பிறகு ஊர் என்ன சொல்லும், யார் கலியாணம் கட்டுவான், ரீச்சர் வேலைக்கு என்ன குறை என்று எல்லாம் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு என் கணவர் மெதுவாகப் பங்குக் கணக்கைச் சொன்னார். நானா இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை பயணம் போகும் என்று கேட்டார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காணி விலை முழுச் செலவுக்கும் போதாது. இரண்டாவது போட்டையும் என் மிச்சக் காப்புகளையும் சேர்த்தாலும் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை நான் போடுகிறேன் என்றார் நானா. எப்படி? என்ஜின் போட்டவனுக்கு என்ஜின் பங்கு மாதிரி. புள்ள உழைக்கத் தொடங்கியதும் அந்தப் பங்கு தனக்கு வர வேண்டும். இதைக் கேள்விப்பட்டு என் கணவரின் தம்பியும் வந்தார், தனக்கு வலைப் பங்கு போதும் என்றார். இரண்டு பேரும் என் வாடியில் இருந்துகொண்டு, என் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு, என் மகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அவள் கலியாணம் கட்டிப்போனால் பங்கு யாருக்கு, சுகமில்லாமல் படுத்தால் நட்டம் யாருக்கு, வெளிநாட்டில் வேலை கிடைத்தால் பங்கு கூடுமா என்றெல்லாம் வாக்குவாதம்.

எனக்குத் தலைக்கு ஏறியது. “என்ட மகள் போட்டு இல்ல” என்று கத்தினேன்.

மகள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். “இருக்கட்டும் உம்மா. போட்டுக்கு வருஷத்துக்கு ஒருக்கா பெயின்ட் அடிப்பாங்கதானே. எனக்கும் அடிக்கச் சொல்லுங்க.”

பகிடி விட்டாள். ஆனால் அவளுடைய கண் நானாவின் முகத்திலேயே இருந்தது. அந்த ஆள் ஓம் என்றால் தான் போகலாம், இல்லையென்றால் புத்தளத்தில் ஏதாவது ஒரு கவுண்டரில் உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பரீட்சை முடிவும் வந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கடைக்காரனுக்கு ஒரு பழக்கம், முதல் போடுமுன் சாமானைத் தட்டிப் பார்ப்பது. பைலட்டைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்து எல்லாவற்றையும் உறுதிப்படுத்தலாம் என்றார் நானா. அடுத்த தடவை விருந்தாளிகளை இறக்கிவிட்டு, அவர்கள் டொல்பின் பார்த்து வரும்வரை அவர் காத்திருக்கும் நேரத்தில் வீட்டுக்குக் கூப்பிட்டோம். மாடு சாப்பிடமாட்டாராக்கும் என்று நெய்ச்சோற்றுக்குக் கோழியும் பாரை மீனும் சமைத்தேன். சஹனில் வைத்தோம். பெரிய தட்டு ஒன்றில் சோற்றைப் போட்டு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் சஹன். என் கணவர், அவர் தம்பி, நானா, பைலட். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்த மனிதர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தோள் கோட்டோடு ஒரு ஆள் என் வீட்டுப் பாயில் இருந்தது அன்றுதான். நானும் மகளும் அறைத் திரைக்குப் பின்னால் நின்றோம்.

முதலில் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். பிறகு என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் கேட்டார். மாத்தயா, உங்களுக்கு மெஷினோடு பாதிப் பாதியா, இல்லாவிட்டால் என்ஜினுக்கு வேறு பங்கா?

பைலட்டுக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். நானா கடைக்காரச் சிங்களத்தில் எண்ணெய் கழிப்பதிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினார். ஒரு ஆள் மட்டும் போகிற வண்டி, ஆகவே பாதி முழுக்க உங்களுக்கு என்று முடித்தார். பைலட் கையிலிருந்த சோற்றைச் சஹனில் வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். தன் வாழ்க்கையில் ஒரு முதலாளியும் அப்படிச் சொல்லவில்லை, அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த ஹோட்டலே இப்போது தன்னுடையது என்றார்.

பிறகு உள்ளதைச் சொன்னார். பங்கு இல்லை, மாதச் சம்பளம். அதற்கு மேல் பறந்த மணித்தியாலத்துக்கு ஏதோ ஒரு தொகை. இத்தனை வருஷம் பறந்த தனக்கு ஒரு வங்கி மனேஜரை விடக் கூட வருகிறது. ஆனால் புதிதாக லைசன்ஸ் எடுத்து வருகிற பிள்ளைக்கு அப்படி இல்லை. முதலில் யாரும் வேலையே கொடுக்கமாட்டார்கள், அனுபவ மணித்தியாலம் கேட்பார்கள். வேலை இல்லாமல் மணித்தியாலம் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் சும்மா அலைய வேண்டி வரும். கிடைத்தாலும் தொடக்கச் சம்பளம் ஒரு ரீச்சருடையதை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வெளிநாடு போனால் நல்ல காசு, அதற்கும் மணித்தியாலம் வேண்டும். பொய் சொல்லிப் பிள்ளையின் காணியை விற்க வைக்க விரும்பவில்லை என்றார்.

நானாவின் கை சஹனில் நின்றுவிட்டது. ஒரு சஹனில் ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்களுக்கும் சோறு இறங்காது. எங்கள் ஆட்கள் பசியில்லாவிட்டாலும் கடைசி வரைக்கும் கையை அளைந்துகொண்டே இருப்பார்கள். நானா கையை எடுத்தார். எனக்குக் கடை இருக்கிறது என்றார். பின்னேரம் வரைக்கும் மகன் பார்ப்பான் என்று சொல்லிவிட்டு வந்த மனிதர். என் கணவரின் தம்பியும் கையைத் துடைத்தார். திரைக்கு இந்தப் பக்கம் மகள் என் கையைப் பிடித்திருந்தாள்.

என் கணவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகச் சிங்களத்திலேயே ஒரு கேள்வி கேட்டார்.

“மழையென்டா பறக்க மாட்டீங்கதானே மாத்தயா. அண்டைக்கு?”

அன்றைக்கும் சம்பளம் உண்டு என்றார் பைலட்.

காற்று கூடினால்? உண்டு. மெஷின் பழுதாகி ஒரு மாதம் நின்றால்? உண்டு. காய்ச்சல் வந்து படுத்தால்? உண்டு. ஆள் வராத காலத்தில், ஒரு வெள்ளைக்காரனும் வராமல் இருந்தால்? அதற்கும் உண்டு. மணித்தியாலக் காசு மட்டும்தான் வராது, மாதச் சம்பளம் வரும்.

“சும்மா இருந்தாலும்?”

“சும்மா இருந்தாலும்.”

என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். ஒவ்வொரு வருஷமும் சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் போட்டுகள் கரையில் ஏறிவிடும். அந்த மாதங்களில் கடலுக்குப் போக முடியாது. போக முடியாதென்றால் ஒன்றுமில்லை. என் காப்புகள் அடகுக்கடைக்குப் போய், காற்று அடங்கிய பிறகு திரும்பி வரும். சில வருஷம் எல்லாம் திரும்பி வராது. கடலில் சாகத் துணிந்த மனுஷன் கரையில் உட்கார்ந்து காற்றைத் திட்டிக்கொண்டு இருப்பதை நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். ஒரு வேலை இருக்கிறது, காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அதற்குக் காசு வரும் என்று யாரும் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை. அரசாங்க வேலைக்காரர்களுக்கு வரும் என்று தெரியும். ஆனால் அது அவருக்குக் கதிரைக்கு வருகிற காசு. உயிரைக் கொடுத்து ஏறுகிற ஒருவனுக்கு, ஏறாத நாளிலும் வரும் என்பதுதான் அவருக்கு அதிசயம்.

கோழித் துண்டு ஒன்றை எடுத்துப் பைலட்டின் பக்கம் தள்ளி வைத்தார். விருந்தாளிக்கு அப்படித்தான் மரியாதை செய்வோம்.

“காணிய விப்பம்” என்றார்.

“உங்களுக்கு விசரா மச்சான்?” நானா எழும்பி நின்றுகொண்டு கேட்டார். “பங்கே இல்லையென்டு மனுஷன் சொல்லுறார்.”

“நீங்க மழைக்குக் கடைய மூடுறல்ல மச்சான். உங்களுக்கு இது விளங்காது.”

இதுவரை நல்லது. ஆனால் என்னை யாராவது கேட்டார்களா? சஹனைச் சுற்றி இருந்த நாலு ஆம்பிளைகளில் ஒருவர் வேண்டாம் என்கிறார், ஒருவர் விற்போம் என்கிறார், ஒருவர் கை துடைக்கிறார். திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

“காணி என்ட பேர்ல இருக்கு” என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பைலட்டும் பார்த்தார், அவருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் திரையைப் பிடித்தபடி நின்றாள். ஒரு தரம் கேட்டதைத் திரும்பக் கேட்கமாட்டாள், அது அவளுடைய பழக்கம். என் பிள்ளைக்கு என் வாய் வரவில்லை என்று எனக்கு எப்போதும் கவலை. வீடில்லாத பெண்ணை யார் கேட்டு வருவான் என்று யோசித்தேன். வீட்டைப் பார்த்து வருகிறவன் வீட்டையே கட்டிக்கொள்ளட்டும் என்று பட்டது.

“நான் விக்கிறன். ஆனா ஒருத்தருக்கும் பங்கு இல்ல. என்ஜினுக்கும் இல்ல, வலைக்கும் இல்ல.”

நானா வெளியே போய்ச் சப்பாத்தைப் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பி வந்து, அந்தக் காணியை வெளியாளுக்கு விற்காதே, எனக்கே தா என்றார். நானாவை நான் ஏசாத நாள் கிடையாது. அன்று ஏசியது மட்டும் அவர் நினைவில் இருக்கும். கடைசியில் அவருக்குத்தான் விற்றேன், சந்தை விலைக்கு, ஒரு சதம் குறையாமல். இடைவெளிக்கு வங்கியில் கடன் எடுத்தோம். இரண்டாவது போட்டும் போனது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைத்தியச் சோதனையில் அவளுடைய கண்ணுக்கும் இருதயத்துக்கும் ஒன்றும் இல்லை, காதில் அழுக்கு என்றார்கள். அதற்கு அவள் அழுதாள். கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்து படித்தாள். வாடியில் லீவுக்கு வந்து நிற்கும்போது கருவாடு புரட்டிக்கொண்டே ரேடியோவில் கதைக்கிற இங்கிலீஷைப் பழகுவாள். என்னோடு வேலை செய்த பெண்கள் மூன்று பேரும் அவளுக்கு விமான நிலையம் மாதிரிப் பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். தனியாக முதல் தடவை பறந்ததை இறங்கி வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். முதலே சொல்லியிருந்தால் நான் போய் அந்த ஹெலியில் தொங்கியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது லைசன்ஸ் கையில் வந்த பிறகு பைலட் சொன்னபடியே நடந்தது. வேலை இல்லை. எல்லாரும் மணித்தியாலம் கேட்டார்கள். இந்த நாட்டில் அனுபவம் இல்லாதவனுக்கு அனுபவம் கொடுக்க ஒருவனும் இல்லை. அந்த நரைத்த மனிதர்தான் தான் வேலை செய்த கம்பனியின் அலுவலகத்தில் அவளை உட்கார வைத்தார். தொலைபேசி எடுக்கிற வேலை, பயணிகளை நிறுக்கிற வேலை. ஹெலியில் ஏறுகிற ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றி நிறுக்க வேண்டுமாம், பாரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு பெரிய இடத்து அம்மா நிறையைக் குறைத்துச் சொல்லிவிட்டுத் தராசில் ஏறமாட்டேன் என்று நின்றாவாம். ஏறாவிட்டால் ஹெலியும் ஏறாது என்று என் மகள் சொல்லி ஏற்றிவிட்டாள். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி. என் வாய் வந்துவிட்டது, கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. வங்கிக் கடனை ஒற்றைப் போட்டும் என் கருவாடும் இழுத்தன. பிறகு ஒரு நாள் அவளை அந்த நரைத்த மனிதருக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்கார வைத்தார்கள். மணித்தியாலம் சேரத் தொடங்கியது. முதல் சம்பளத்தை எனக்குச் சொன்னபோது, நல்ல மாதத்தில் என் நெத்தலி இதைவிடக் கூடத் தரும் என்றேன். உண்மைதானே. அவள் சிரித்துவிட்டு, கெட்ட மாதத்தில் என்ன தரும் என்றாள். நான் கருவாடு புரட்டப் போனேன்.

இப்போது அவள் தனியாக ஓட்டுகிறாள். சம்பளம் ஏறிவிட்டது. கலியாணம் கேட்டும் வருகிறார்கள், முதலில் சம்பளத்தைக் கேட்கிறார்கள். வீடு எங்கே என்று கேட்டவனை நான் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்பினேன். தில்லையடியில் நானா, என்னுடைய தங்கச்சி மகள் பைலட் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். சொல்லட்டும். பங்கு மட்டும் கேட்க வேண்டாம்.

என் கணவரைத்தான் தாங்க முடியாது. சோளகம் தொடங்கிப் போட்டு கரையில் ஏறிவிட்டால், காலையில் எழுந்ததும் மகளுக்கு அழைப்பார். சாப்பிட்டாயா, சுகமா என்று கேட்கமாட்டார். அங்கே மழையா என்று கேட்பார். ஓம் வாப்பா, கொட்டுது, பறக்கல்ல என்று அவள் சொன்னால் மனுஷனின் முகம் விரியும். அப்ப சும்மாவா இருக்கிறாய் என்று இன்னொரு தரம் கேட்டு, சும்மாதான் என்று அவள் சொல்வதைப் பக்கத்தில் இருக்கிற ஆட்களுக்கும் கேட்கட்டும் என்று போனைத் தூக்கிப் பிடிப்பார். கரையில் போட்டை ஏற்றிவிட்டு வெறுமனே இருக்கிற எல்லா ஆம்பிளைகளுக்கும் இப்போது அதுதான் செய்தி. கொழும்பில் மழை, மகள் சும்மா இருக்கிறாள், சம்பளம் ஓடுகிறது.

மணித்தியாலத்துக்கும் காசு உண்டு, பறந்தால்தான் கூட வரும் என்று நான் எத்தனை தரம் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. நேற்றும் அழைத்தார். அங்கே நல்ல வெயிலாம். காலையிலிருந்து மூன்று தரம் பறந்தாளாம். போனை வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார்.